போலீஸ் ரோந்துக் கார்: என் வொர்க்‌ஷாப்பில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் 20 வருடத்துக்கு மேலாகக் கார் வயரிங் வேலை செய்கிறேன். கடைக்கு எதிரே ரோந்துக் கார் ஒன்று வந்து நின்றால் போதும். பேட்டரி மாற்ற வந்தவர், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், பக்கத்துக் கடையில் தே தாரேக் குடிப்பவர் என்று எல்லாரும் என்னிடம் வந்து கேட்பார்கள். நான் போலீஸ்காரன் இல்லை. ஆனால் தோட்டக் காவல் வண்டிகளுக்கு மஞ்சள் சுழல் விளக்கு மாட்டியிருக்கிறேன், பழைய ரோந்துக் காரைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன், வெளிநாட்டுப் போலீஸ் கார்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட வாக்கிலேயே போட்டிருக்கிறேன்.

"எம்.பி.வி. வருதுன்னு சொல்றாங்க, வந்தா சின்ன காரா இருக்கு. எம்.பி.வி.ன்னா குடும்பத்தோட போற பெரிய வண்டிதானே?"

இரண்டு சொற்களுக்கும் சுருக்கம் ஒன்றாகப் போய்விட்டது, அவ்வளவுதான். கார் கடையில் எம்.பி.வி. என்றால் எக்ஸோரா மாதிரி ஏழு பேர் உட்காரும் வண்டி. போலீஸ் வாயில் எம்.பி.வி. என்றால் 'மொபைல் பெட்ரோல் வெஹிக்கல்', அதாவது ரோந்து வாகனம். அவசர எண் 999-க்கு அடித்தால் "எம்.பி.வி. அனுப்புகிறோம்" என்று சொல்வது இதைத்தான்.

"அண்ணே, இது கம்பெனியிலேயே போலீஸ் காரா செஞ்சு வருதா, இல்ல சாதா கார்ல லைட்ட மாட்டி விடுறாங்களா?"

மூன்று வழி இருக்கிறது. முதல் வழி, கடையில் விற்கும் காரை வாங்கி நிறம், விளக்கு, சைரன், ரேடியோ மாட்டுவது. நம் நாட்டு ரோந்துக் கார்கள் பெரும்பாலும் இப்படித்தான். புரோட்டோன் வீரா, வாஜா, இன்ஸ்பிரா, பிறகு மிட்சுபிஷி லான்சர், ஹோண்டா சிவிக் என்று நாம் பார்த்ததெல்லாம் பொதுமக்கள் வாங்கும் கார்களின் உடம்புதான். வீராவும் இன்ஸ்பிராவும்கூட மிட்சுபிஷி லான்சரிலிருந்து வந்தவை.

இரண்டாவது வழி, தொழிற்சாலையிலேயே போலீசுக்கென்று தனி வகை செய்வது. அமெரிக்காவில் ஃபோர்டு 1950-லேயே 'போலீஸ் பேக்கேஜ்' என்று விற்க ஆரம்பித்துவிட்டது. வெளியே பார்க்க அதே கார். உள்ளே ஸ்பிரிங், பிரேக், ரேடியேட்டர், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் அல்டர்னேட்டர், சீட் எல்லாம் வேறு. ஜப்பானில் டோயோட்டா கிரவுன் காருக்கும் போலீசுக்கு மட்டும் விற்கும் வகை உண்டு. மூன்றாவது வழி, முதல் ஆணியிலிருந்தே போலீசுக்கென்று ஒரு காரை வரைந்து செய்வது. அந்த வழியில் ஒரு கம்பெனி இறங்கியது. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

"எஞ்சின் ரொம்ப பெரிசா இருக்குமா? எவ்வளவு வேகம் போகும்?"

பிள்ளைகள் முதலில் கேட்பது இதுதான். நெடுஞ்சாலை ரோந்துக்கு வேகமான கார் உண்டு. நம் நாட்டில் புரோட்டோன் பெர்டானா வி6, பிறகு மிட்சுபிஷி எவோ அந்த வேலையைச் செய்தன. ஊர் ரோந்துக்கு அவ்வளவு தேவையில்லை. திருடனை விட வேகமாக ஓட வேண்டிய கட்டாயமும் இல்லை, ஏனென்றால் ரேடியோ எந்தக் காரையும் விட வேகம். இங்கிருந்து தப்பி ஓடுபவனைக் கோலகங்சாரில் இன்னொரு கார் மறித்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் போலீஸ் 1928-ல் காரில் ரேடியோவை வைத்தது. அப்போது காரில் இருப்பவர் கேட்க மட்டும்தான் முடியும். பதில் சொல்ல வேண்டுமானால் எங்காவது டெலிபோனைத் தேடி ஓட வேண்டும். அந்த நிலையிலேயே அது ரோந்து வேலையை மாற்றிவிட்டது.

ஓடும் வேகத்தை விட நிற்கும் திறன் பெரிது. மிச்சிகன் மாநிலப் போலீஸ் ஆண்டுதோறும் புதிய போலீஸ் கார்களைப் பந்தயத் தடத்தில் விட்டுச் சோதிக்கிறது. எவ்வளவு வேகம் எடுக்கிறது என்பதோடு பிரேக்கையும் அளப்பார்கள். சாதா காரில் நாலைந்து தடவை அடுத்தடுத்து அழுத்திப் பிரேக் போட்டால் பேட் சூடேறி, மிதி மிதித்தும் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். மலை இறங்கும் லோரிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

"நிறுத்தி வச்சிட்டு ஏன் எஞ்சினை ஓட விடுறாங்க? எண்ணெய் நம்ம வரிப்பணம்தானே?"

வாரம் ஒருவராவது கோபமாகக் கேட்கிறார். என் தொழிலே இதுதான் என்பதால் கொஞ்சம் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். காரில் இருப்பது 12 வோல்ட். பழைய சுழல் விளக்கில் 55 வாட் பல்பு நாலு எரிந்தால் 220 வாட், அதாவது ஏறக்குறைய 18 ஆம்பியர். சைரன் 100 வாட் என்றால் அது இன்னொரு 8 ஆம்பியர். ரேடியோவில் பேசும்போது தனியாக இழுக்கும். கேமரா, கம்ப்யூட்டர், ஏர்கோன், ஹெட்லைட் எல்லாம் அதற்கு மேல். எஞ்சினை அணைத்துவிட்டு விளக்கை மட்டும் எரிய விட்டால் சாதா பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கினாலே பெரிய விஷயம். விபத்து நடந்த இடத்தில் இரவு 2 மணிக்கு விளக்குக் காட்டிக்கொண்டு நிற்கும் கார், பிறகு ஸ்டார்ட் ஆகாமல் போனால்?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அல்டர்னேட்டர் தன் முழு அளவைத் தராது. அதனால்தான் ஃபோர்டின் கிரவுன் விக்டோரியா போலீஸ் காரில் 200 ஆம்பியர் அல்டர்னேட்டர் வைத்தார்கள். நம் வீட்டுக் காரில் இருப்பது இதில் பாதிகூட இருக்காது. இப்போது எல்.இ.டி. விளக்கு வந்து இந்தப் பாரத்தைப் பெரிதும் குறைத்துவிட்டது. என் கணக்கில் ரோந்துக் காருக்குக் கடந்த 30 வருடத்தில் வந்த நல்ல மாற்றம் அதுதான்.

நின்று ஓடும் எஞ்சினுக்குக் காற்று கிடையாது, ரேடியேட்டர் விசிறி ஒன்றுதான் கதி. நம் மதிய வெயிலில் அது படும் பாடு பெரிது. கிலோமீட்டர் ஏறாது, எஞ்சின் மட்டும் தேயும். ஃபோர்டு கம்பெனி கணக்குப்படி ஒரு மணி நேரம் நின்று ஓடுவது 33 மைல், அதாவது சுமார் 53 கிலோமீட்டர் ஓடியதற்குச் சமம். அதனால் அங்கே போலீஸ் காரில் எஞ்சின் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மீட்டரும் இருக்கும். ஆயில் மாற்றுவதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். நம் ஊரில் டிராக்டருக்கும் ஜெனரேட்டருக்கும் அப்படித்தானே பார்க்கிறோம்.

"லைட்டு ஏன் நீலம்? சிவப்புத்தானே தூரத்துல தெரியும்?"

பகலில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் இருட்டில் நம் கண் வேறு மாதிரி வேலை செய்கிறது. வெளிச்சம் குறையக் குறையச் சிவப்பு மங்கி, நீலம் எடுப்பாகத் தெரியும். சாயங்காலம் மங்கிய பிறகு வீட்டு முன்னால் இருக்கும் செம்பருத்தியைப் பாருங்கள், பூ கறுத்துப்போய் இலை மட்டும் தெரியும். அதே கதைதான். அதோடு சாலையில் சிவப்பு விளக்குக்குப் பஞ்சமே இல்லை. எல்லாக் காரின் பின்னாலும் சிவப்புதான். நீலம் வேறு எங்கும் இல்லாததால் உடனே அடையாளம் தெரிகிறது. அமெரிக்காவில் பல இடங்களில் இரண்டு நிறத்தையும் சேர்த்தே வைக்கிறார்கள்.

"அப்ப என் மைவி காருக்கும் நீல லைட்டு மாட்டிக் குடுங்கண்ணே, அழகா இருக்கும்."

முடியாது தம்பி. போலீசுக்குரிய விளக்கைத் தனியார் வண்டியில் மாட்டுவது சட்டப்படி குற்றம், மாட்டிக் கொடுக்கவும் மாட்டேன். மேலே சொன்னதுதான் காரணம்: வேறு எங்கும் இல்லை என்பதால்தான் அந்த நிறத்துக்கு மதிப்பு. ஊரில் பத்து மைவி நீல விளக்கோடு திரிந்தால், நிஜ வண்டி வரும்போது யாரும் ஒதுங்க மாட்டார்கள்.

"சைரன் ஒரு தடவ நீளமா ஊளையிடுது, ஒரு தடவ படபடன்னு அடிக்குது. ரிப்பேரா?"

ரிப்பேர் இல்லை, ஓட்டுபவர் பார்த்து மாற்றுகிறார். நீளமாக ஏறி இறங்கும் சத்தம் நேர்ச் சாலைக்கு, அது தூரம் போகும். வேகமாக அடிக்கும் சத்தம் சந்திப்புக்கு. சத்தம் மாறும்போது பாதி கவனத்தில் இருக்கும் ஓட்டுநர்கூட நிமிர்ந்து பார்ப்பார். ஒலிபெருக்கியைக் கூரையில் வைக்காமல் முன் கிரில்லுக்குப் பின்னால் வைப்பது நல்லது. சத்தம் முன்னால் போகும், உள்ளே இருப்பவர் காதும் தப்பிக்கும்.

"சில நாட்டுப் போலீஸ் கார்ல கட்டம் கட்டமா கலர் அடிச்சிருக்கே, அலங்காரமா?"

அலங்காரம் இல்லை. பிரிட்டனில் 1990-களின் நடுவில் போலீஸ் ஆராய்ச்சிப் பிரிவு ஒன்று உருவாக்கிய முறை அது. 'பேட்டன்பர்க்' என்று ஒரு கேக் உண்டு, வெட்டினால் உள்ளே கட்டம் கட்டமாக இருக்கும். அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். மஞ்சளும் நீலமும் மாறி மாறி வரும். 500 மீட்டர் தூரத்திலேயே இது போலீஸ் கார் என்று தெரிய வேண்டும் என்பது நோக்கம். பகலில் மஞ்சள் எடுப்பாக இருக்கும், இரவில் ஹெட்லைட் பட்டதும் ஒளி அப்படியே திரும்பி வரும்.

நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும் ரோந்துக் காருக்குப் பெரிய எதிரி, பின்னால் தூக்கக் கலக்கத்தில் வரும் வண்டி. கிரவுன் விக்டோரியாவில் பெட்ரோல் தொட்டி பின் அச்சுக்குப் பின்னால் இருந்தது. பின்னாலிருந்து மோதப்பட்டபோது தீப்பிடித்துப் போலீஸ்காரர்கள் இறந்ததால், பிற்பாடு தானாகத் தீயணைக்கும் அமைப்பையே அதில் சேர்த்தார்கள். ஃபோர்டின் பிந்திய போலீஸ் கார்களை மணிக்கு 75 மைல், அதாவது 120 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் மோத விட்டுச் சோதிக்கிறார்கள். ஆகவே அந்தக் கட்டங்களை அழகு என்று நினைக்காதீர்கள், அவை உயிர் காப்பவை.

"பின் கதவு உள்ளேருந்து திறக்காதாமே? தப்பித்தவறி மாட்டிக்கிட்டா?"

கைதானவரை ஏற்றும் கார்களில் பின் கதவும் கண்ணாடியும் உள்ளேயிருந்து இயங்காதபடி செய்வது வழக்கம். வெளிநாட்டுக் கார்களில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே கம்பி வலையோ தடித்த பிளாஸ்டிக்கோ இருக்கும். பின் சீட் பஞ்சு வைத்ததாக இல்லாமல், ஒரே அச்சில் வார்த்த பிளாஸ்டிக்காக இருக்கும். எதையும் ஒளித்து வைக்க இடுக்கு இருக்கக் கூடாது. வாந்தி எடுத்தால் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

சுத்தத்துக்கு இன்னொரு வழி 2020-ல் வந்தது. கொரோனா நேரத்தில் ஃபோர்டு தன் போலீஸ் வண்டிகளுக்கு ஒரு மென்பொருள் தந்தது. ஆள் இல்லாதபோது எஞ்சினையும் ஹீட்டரையும் ஓட விட்டு, காருக்குள் 56 டிகிரி செல்சியசுக்கு மேல் 15 நிமிடம் வைத்திருக்கும்.

"முன் சீட்டு மட்டும் நம்ம காரு மாதிரிதானே?"

இல்லை, அங்கேதான் பெரிய வேலை இருக்கிறது. ஒருமுறை ஏலத்தில் எடுத்த பழைய ரோந்து வீரா ஒன்றை வயரிங் பார்க்கக் கொண்டுவந்தார்கள். ஓட்டுநர் சீட்டின் வெளிப்பக்க ஓரம் கிழிந்து, உள்ளே இருந்த பஞ்சு தேங்காய் நார் மாதிரி பிதுங்கிக் கிடந்தது. மற்ற மூன்று மூலையும் நன்றாகவே இருந்தன. இடுப்பில் துப்பாக்கி, கைவிலங்கு, ரேடியோ எல்லாம் தொங்கும் பட்டையோடு ஒரு நாளைக்கு எத்தனை முறை ஏறி இறங்கியிருப்பார் என்று அந்த ஒரு கிழிசலே காட்டியது.

சாதா காரின் சீட், பக்கவாட்டில் நம் இடுப்பை அணைத்துப் பிடிக்கும். போலீஸ் பட்டைக்கு அது இடைஞ்சல். அதனால் தொழிற்சாலையில் செய்யும் போலீஸ் கார்களில் அந்த அணைப்பைக் குறைத்து, பட்டைக்கு இடம் விட்டு, துணியையும் தடிமனாகப் போடுகிறார்கள். கியரைக்கூட நடுவிலிருந்து எடுத்து ஸ்டேரிங் பக்கம் வைப்பார்கள், நடுவில் கம்ப்யூட்டருக்கும் ரேடியோவுக்கும் இடம் வேண்டும் என்று. கதவைத் திறந்தால் உள் விளக்கு எரியாமல் இருக்கவும் ஒரு வழி உண்டு, இருட்டில் இறங்கும்போது வெளிச்சத்தில் நிற்கக் கூடாதல்லவா. எட்டு மணி நேரம் ஒருவர் உட்கார்ந்து வேலை செய்யும் இடம் அது. அலுவலகத்தில் நாற்காலிக்குக் கவலைப்படும் நாம் இதற்கும் கவலைப்பட வேண்டும்.

"படத்துல கதவுக்குப் பின்னால ஒளிஞ்சு சுடுறாங்களே, குண்டு உள்ள போகாதா?"

போகும். கதவுத் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. எஞ்சினுக்குப் பின்னால் ஒதுங்கினால்தான் ஓரளவு மறைப்பு. அமெரிக்காவில் முன் கதவுகளுக்குள் குண்டு தடுக்கும் பலகை வைத்துத் தர, கூடுதல் காசு வாங்குகிறார்கள்.

நம் ஊருக்கு இது புதிய பாடம் இல்லை. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில்தான் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டு, அதையடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பிறகு பல தோட்டத் துரைமார் தங்கள் கார்களுக்கு இரும்புத் தகடு அடித்துக்கொண்டார்கள். 1951 அக்டோபரில் பிரேசர் மலைக்குப் போகும் வழியில் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் கர்னி சுட்டுக் கொல்லப்பட்டபோது, காவலுக்குப் போன போலீஸ்காரர்கள் திறந்த லேண்ட் ரோவரில் இருந்தார்கள். மறைப்பு என்று எதுவுமே இல்லை. ஆனால் தகட்டைக் கூட்டக் கூட்ட ஸ்பிரிங் உட்காரும், பிரேக் தேயும், எஞ்சின் திணறும். அதனால்தான் எல்லா ரோந்துக் காரையும் கவச வண்டியாக்க முடிவதில்லை.

"இந்தக் காரெல்லாம் எஸ்டேட் ரோட்டுக்கு ஆகுமாண்ணே?"

தாமான் குடியிருப்புக்கும் பாசார் சந்தைக்கும் ஆகும். செம்பனைக்குள் மழை பெய்த செம்மண் தடத்துக்கு ஆகாது. செடான் காரின் வயிறு தாழ்ந்தது. லோரி சக்கரம் தோண்டிய இரண்டு பள்ளத்துக்கு நடுவே மேடு எழுந்து நிற்கும், அதில் எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டி தட்டினால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். ரேடியேட்டரில் செம்மண் அப்பிக்கொண்டு காற்றுப் போகாமல் சூடேறி என்னிடம் வந்த வண்டிகளுக்குக் கணக்கில்லை. நிற்கும் காருக்குக் காற்று கிடையாது என்று மேலே சொன்னேனே, மண் அடைத்தால் விசிறியும் வீண்.

எங்கள் ஊருக்கு உள்ளே தள்ளி இருக்கும் லாசா பக்கம், அதையும் தாண்டி ஒராங் அஸ்லி பூர்வகுடிக் கிராமங்களுக்குப் போக ஹைலக்ஸ் மாதிரி நாலு சக்கர இழுவை வண்டிதான் வேண்டும். லயத்துச் சந்துக்குள் நுழைய மோட்டார் சைக்கிள் போதும். ஒரே வகைக் காரை நாடு முழுக்கக் கொடுத்தால் தோட்டத்து ஊர்கள்தான் அடிபடும். இதை நான் ஆத்திரத்தில் சொல்லவில்லை. அழைத்த இடத்துக்கு வண்டி போய்ச் சேர வேண்டும் என்ற கவலையில் சொல்கிறேன்.

"போலீசுக்குன்னே அடியிலேருந்து ஒரு கார் செஞ்சாங்கன்னீங்களே, அது என்னாச்சு?"

கார்பன் மோட்டார்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி. ஃபோர்டில் வேலை பார்த்த ஒருவர் 2003-ல் தொடங்கியது. காரின் பெயர் இ-7. நான் இதுவரை சொன்ன குறையெல்லாம் அவர்களும் ஒரு பட்டியலாகப் போட்டிருப்பார்கள் போல. சைரனும் விளக்கும் உடம்போடு சேர்ந்தவை, கூரையில் ஓட்டை போட வேண்டாம். பின் கதவு எதிர்ப்பக்கம் திறக்கும், விலங்கு மாட்டியவரை உட்கார வைக்கச் சுலபம். பின்பகுதியை அப்படியே தண்ணீர் அடித்துக் கழுவலாம், வடியத் துளை உண்டு. பின்மோதல் 75 மைல் வரை தாங்க வேண்டும், ஆயுள் 250,000 மைல் என்று குறி வைத்தார்கள். எஞ்சினுக்கு 2010-ல் பி.எம்.டபிள்யூ.விடம் 240,000 டீசல் எஞ்சினுக்கு மேல் வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். இந்தியானா மாநிலத்தில் கானர்ஸ்வில் என்ற சின்ன ஊரில், மூடிக் கிடந்த ஒரு பெரிய தொழிற்சாலையைத் தேர்ந்தெடுத்தார்கள். வேலையில்லாமல் இருந்த அந்த ஊரே இந்தக் காரை நம்பியது.

அமெரிக்க எரிசக்தித் துறையிடம் கேட்ட கடன் 2012-ல் மறுக்கப்பட்டது. 2013-ல் கம்பெனி திவால். தொழிற்சாலையிலிருந்து ஒரு கார்கூட ரோந்துக்குப் போகவில்லை. ரப்பர் விலை விழுந்து தோட்டம் மூடிய காலத்தைப் பார்த்தவன் நான். அந்த ஊர் மக்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

கடன் கிடைத்திருந்தால் பிழைத்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். லட்சக்கணக்கில் விற்கும் காரை எடுத்துப் போலீஸ் கார் செய்தால், உதிரிப் பாகம் எல்லா ஊரிலும் கிடைக்கும். வீராவுக்கு ஒரு வாட்டர் பம்ப் வேண்டுமென்றால் சுங்கை சிப்புட்டிலேயே மதியத்துக்குள் வாங்கி மாட்டிவிடுவேன். போலீசுக்கு மட்டும் செய்த காருக்கு அந்த ஒரு பம்ப் வரும்வரை வண்டி கொட்டகையில் நிற்கும். ஆனால் அதன் யோசனைகள் நல்லவை.

"இனிமே மின்சாரக் கார்தானே வரும்? ரோந்துக்கு ஒத்து வருமா?"

ஒரு தகவல் சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். உலகின் முதல் போலீஸ் மோட்டார் வண்டி என்று சொல்லப்படுவதே மின்சார வண்டிதான். 1899-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஓடியது. வேகம் மணிக்கு 16 மைல்.

நின்றுகொண்டே எஞ்சின் ஓடும் பிரச்சினை மின்சாரக் காரில் இல்லவே இல்லை. விளக்கும் ஏர்கோனும் பெரிய பேட்டரியிலிருந்து எடுத்துக்கொள்ளும், புகையும் இல்லை, தேய்மானமும் இல்லை. அந்த வகையில் ரோந்துக்கென்றே பிறந்தது என்பேன். சிக்கல் வேறு: இரண்டு ஷிப்ட்டும் ஓடும் கார் எப்போது சார்ஜ் ஏறும்? சார்ஜர் இல்லாத சின்ன ஊரில் என்ன செய்வது? பட்டணத்தில் முதலில் வரட்டும், நமக்குப் பிறகு பார்க்கலாம்.

"லேலோங் ஏலத்துல பழைய போலீஸ் கார் மலிவா வருது, எடுக்கலாமா?"

எடுக்கலாம், ஆனால் கிலோமீட்டரைப் பார்த்து ஏமாறாதீர்கள். நின்று ஓடிய மணி நேரத்தைப் பற்றி மேலே சொன்னது இங்கேதான் உதவும். மீட்டரில் ஒரு லட்சம் என்றால் எஞ்சின் அதற்கு மேலும் உழைத்திருக்கும். ஆயில் மூடியைத் திறந்து உள்ளே கறுப்புக் களிம்பு இருக்கிறதா பாருங்கள்.

அப்புறம் வயரிங். அந்தக் கிழிந்த சீட் வீராவில் கூரை உள்துணியைக் கழற்றினேன். சுழல் விளக்கு இருந்த இடத்தில் நாலு ஓட்டை, மேலே புட்டிப் பசை வைத்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள். உள்பக்கம் ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் துரு, தே தாரேக் கறை மாதிரி வட்டமாக. டேஷ்போர்டுக்கு அடியில் வெட்டிவிட்ட வயர்கள் ஒரு கத்தை, டேப் சுற்றிக் கிடந்தன. அதில் தடித்த சிவப்பு வயர் ஒன்று ஃபியூஸ் இல்லாமல் நேராகப் பேட்டரிக்குப் போனது, நுனி மூடாமல். இரும்பில் உரசியிருந்தால் அன்றே கார் எரிந்திருக்கும். எடுத்தவுடன் முதலில் பேட்டரி முனையில் போய்ச் சேரும் வயர்களை எண்ணுங்கள். எங்கே போகிறது என்று தெரியாத வயர் ஒன்று இருந்தாலும், அதைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு ஓட்டிப் போங்கள்.